ஃபிக்கிள் என்றால் துரோகியா?

ஆங்கிலச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் 'ஃபிக்கிள் ஃபேன்ஸ்' என்ற சொற்கள் கண்ணில் படுகின்றன. தமிழில் பொருள் தேடினால் நிலையற்ற, சஞ்சலமான, சபலமுள்ள, வஞ்சகமான என்று நான்கு சொற்கள் வரிசையில் வந்து நிற்கும். 'வஞ்சக ரசிகர்கள்' என்று எழுதினால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். 'சபல ரசிகர்கள்' என்றால் இன்றைய பேச்சு வழக்கில் சேதி வேறு எங்கோ போய்விடும். 'நிலையற்ற ரசிகர்கள்' என்றால் போதையில் தள்ளாடுகிறார்களோ என்று தோன்றும். நான்கில் எதுவும் தவறில்லை. ஆனால் எதுவும் சொல்லின் நடுவில் போய்ப் பொருந்தவில்லை.

ஒருவருடைய பிடித்தமோ ஆதரவோ பற்றோ, பெரிய காரணம் எதுவும் இல்லாமல், அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருந்தால் அவரை ஃபிக்கிள் என்கிறது ஆங்கிலம். இதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. முதலில், ஏதோ ஒரு பற்று இருந்திருக்க வேண்டும். எதிலும் ஒட்டாமல் இருப்பவருக்கு இந்தச் சொல் பொருந்தாது. அவர் வெறும் அக்கறையில்லாதவர். அடுத்து, மாறுவது வழக்கமாக இருக்க வேண்டும். பத்து வருடம் ஒரே கடையில் மளிகை வாங்கியவர் ஒருநாள் கடையை மாற்றிவிட்டால் அவரை அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாவது, காரணம் அற்பமாக இருக்க வேண்டும். கடைக்காரர் அரிசியில் கல்லைக் கலந்தார் என்பதால் கடையை மாற்றினால் அது நியாயம். எதிர்க்கடையில் இந்த வாரம் ஒரு பிளாஸ்டிக் டப்பா இலவசம் என்று அங்கே போய், அடுத்த வாரம் டப்பா நின்றதும் இங்கே திரும்பினால் அது ஃபிக்கிள்.

இந்த மூன்றிலும் ஏமாற்று இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழ் விளக்கங்கள் தடுமாறும் இடம் அதுதான். துரோகி மறைந்து செய்கிறான். ஃபிக்கிளானவர் மறைப்பதே இல்லை. எல்லோரும் பார்க்கத்தான் கட்சி மாறுகிறார். நேற்று உங்களைப் பிடித்திருந்தது நிஜம், இன்று பிடிக்காததும் நிஜம். அவருடைய பற்றுக்கு வேர் இல்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டிலிருந்தே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2007 மார்ச்சில் உலகக் கோப்பை ஒருநாள் போட்டியில் இந்திய அணி வங்கதேசத்திடம் தோற்றது. ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் புகுந்து ஒரு கூட்டம் சேதப்படுத்தியது. அடுத்து இலங்கையிடமும் தோற்று, முதல் சுற்றிலேயே அணி ஊர் திரும்பியது. வீதிகளில் வீரர்களின் கொடும்பாவிகள் எரிந்தன. ஆறே மாதம் கழித்து, செப்டம்பர் 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பாகிஸ்தானை 5 ரன்னில் வென்று அதே தோனி டி20 உலகக் கோப்பையை வாங்கினார். மும்பை விமான நிலையத்திலிருந்து வான்கடே மைதானம் வரை திறந்த பஸ்ஸில் ஊர்வலம்; மழையிலும் சாலை நிறையக் கூட்டம். இந்த ரசிகர்களைத் துரோகிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஃபிக்கிள் என்று சொல்லலாம், அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும்.

உச்சரிப்பு, எழுத்து, பழைய கதை

எழுத்துகள் எஃப், ஐ, சி, கே, எல், இ. அசை இரண்டு, அழுத்தம் முதல் அசையில். டிக்கிள், பிக்கிள் ஆகியவற்றோடு எதுகை போடும். தமிழ் பேசுகிறவர்களுக்குச் சிக்கலும் அங்கேதான். முதல் ஒலியை 'ப' என்று உச்சரித்துவிட்டால் கேட்கிறவர் காதில் ஊறுகாய்தான் விழும். நேர்முகத் தேர்வில் 'நான் அடிக்கடி மனம் மாறுகிற ஆள் இல்லை' என்று சொல்ல நினைத்து 'நான் ஊறுகாய் இல்லை' என்று சொன்ன கதையாகிவிடும். மேல்பற்கள் கீழுதட்டை லேசாகத் தொட, காற்று உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும். கடைசியில் வருவதும் நம் 'ள்' அல்ல. எழுத்தில் அப்படி எழுதுகிறோம், சரி. ஆனால் நாக்கை மேலே மடக்க வேண்டாம். நுனி பல்லடியைத் தொட்டால் போதும்.

அகராதியில் 'வஞ்சகமான' எப்படி நுழைந்தது? அது கற்பனை இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூதாதை 'ஃபிகோல்'. அதற்கு வஞ்சகமான, சூதான என்றுதான் பொருள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 'மாறிக்கொண்டே இருக்கிற' என்ற பொருள் எட்டிப்பார்க்கிறது. ஏமாற்றுகிறவனை நம்ப முடியாது, மாறிக்கொண்டே இருப்பவனையும் நம்ப முடியாது. அந்தப் பாலத்தின் வழியாகத்தான் சொல் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. பிறகு பழைய பொருள் மெல்ல உதிர்ந்துபோனது. இன்றைய ஆங்கிலத்தில் வஞ்சகம் என்ற பொருளில் யாரும் இதை எழுதுவதில்லை. ஆகவே தமிழ் விளக்கத்தில் அந்த நான்காவது சொல்லைப் பார்த்தால் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடலாம்.

எவற்றோடு சேரும்?

ஒரு ஆங்கிலச் சொல் தெரியும் என்றால் அதன் கூட்டாளிகள் தெரியும் என்று பொருள். ஃபிக்கிள் என்பது ரசிகர்கள், வாக்காளர்கள், பொதுமக்கள், வாடிக்கையாளர்கள், காதலர் ஆகியோரோடு தாராளமாகச் சேரும். 'வோட்டர்ஸ் ஆர் ஃபிக்கிள்' என்றால், வாக்காளர்கள் இன்று ஒரு பக்கம், நாளை ஒரு பக்கம். 'எ ஃபிக்கிள் ஃப்ரெண்ட்' என்றால் மாதத்துக்கு ஒரு 'உயிர்த்தோழன்' வைத்திருக்கும் நண்பன்.

மனிதரைத் தாண்டியும் போகும். வானிலை, காற்று, சந்தை, புகழ், விதி ஆகியவற்றை இப்படிச் சொல்வார்கள். பாய்மரக் கப்பல்காரர்களுக்கு 'ஃபிக்கிள் விண்ட்' நிஜமான தொல்லை. திசை மாறிக்கொண்டே இருக்கும் காற்றில் பாயை எந்தப் பக்கம் கட்டுவது? விதியோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதற்குப் பின்னால் ரோமானியர்களின் ஃபார்ச்சூனா தேவதை இருக்கிறாள். கையில் கப்பலின் சுக்கான், பக்கத்தில் சுழலும் சக்கரம்; மேலே இருப்பவன் கீழே வருவான், கீழே இருப்பவன் மேலே போவான். நமக்கு இது புதிதல்ல. ஓரிடத்தில் தங்காதவள் என்பதால் திருமகளுக்கே சஞ்சலா என்று ஒரு பெயர் உண்டு. 'ஃபிக்கிள் ஃபார்ச்சூன்' என்பதைத் தமிழில் கொண்டுவரும்போது 'செல்வம் நில்லாது' என்ற தொனியைப் பிடித்தால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஃபார்ச்சூனா பெண், திருமகள் பெண். இந்தச் சொல்லை ஐரோப்பிய எழுத்தாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பெண்கள் மேலேயே எறிந்துவந்திருக்கிறார்கள். அந்த வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் கைக்கு வந்தால், அதே செயலை ஓர் ஆண் செய்திருந்தால் இதே சொல்லைப் போட்டிருப்போமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இலக்கணத்தில் இது பெயரடை மட்டும்தான். வினையாக்க முடியாது, 'அவர் என்னை ஃபிக்கிள் பண்ணிவிட்டார்' என்பதற்கு ஆங்கிலத்தில் வடிவமே கிடையாது. பண்புப்பெயர் வேண்டுமானால் 'ஃபிக்கிள்னஸ்'. அதற்குப் பன்மை இல்லை. ஒப்பிடும்போது 'மோர் ஃபிக்கிள்' என்பதே புழக்கம். எதில் மாறுகிறார் என்று சொல்ல 'இன்' என்ற முன்னிடைச்சொல் வரும்: 'ஹி இஸ் ஃபிக்கிள் இன் ஹிஸ் லாயல்ட்டீஸ்', அவர் விசுவாசம் ஓரிடத்தில் நிற்காது. 'எனக்கு விசுவாசமாக இல்லை' என்று தமிழில் நான்காம் வேற்றுமை வருவதால் 'டு மி' என்று எழுதத் தோன்றும். கை அங்கே போனாலே எச்சரிக்கை. நீங்கள் சொல்ல நினைப்பது 'டிஸ்லாயல்' ஆக இருக்கலாம்.

மூன்று நண்பர்கள்

விசுவாசக் குறைவைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு தெருவே இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே கதவெண் போட்டால் கடிதம் தப்பான வீட்டுக்குப் போகும். நண்பர்களிடமிருந்து தொடங்கலாம்.

சனிக்கிழமை சினிமாவுக்கு வருகிறேன் என்கிறான். டிக்கெட் எடுத்தாயிற்று. படம் தொடங்க பத்து நிமிடம் இருக்கும்போது 'சாரிடா, வர முடியல' என்று செய்தி அனுப்புகிறான். இது நாலாவது தடவை. இவன் 'ஃப்ளேக்கி'. அமெரிக்கப் பேச்சு வழக்கிலிருந்து பரவிய சொல். இவனுக்கு உங்கள் மேல் பாசம் குறையவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் தெரியவில்லை.

போன மாதம் முழுக்க உங்கள் பைக்கின் பின்சீட்டிலேயே இருந்தான். இந்த மாதம் ஜிம்மில் பழக்கமான ஒருவனோடு சுற்றுகிறான். அடுத்த மாதம் திரும்பி வந்து, எதுவுமே நடக்காத மாதிரி தோளில் கை போடுவான். இவன் ஃபிக்கிள்.

மூன்றாமவன் வருடக்கணக்கில் கூடவே இருந்தான். உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார், 50,000 ரூபாய் தேவைப்பட்டது. அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை. இவன் 'ஃபேர்-வெதர் ஃப்ரெண்ட்'. அற்ற குளத்து அறுநீர்ப் பறவை என்று நம்மிடம் இருக்கும் தொடர் இவனுக்கென்றே செய்தது. தண்ணீர் இருந்தவரை குளத்தில் இருந்த பறவை, வற்றியதும் எழுந்து பறந்துவிடுகிறது. இருவருக்கும் உள்ள வேறுபாடு கூர்மையானது. ஃபிக்கிளானவன் எப்போது போவான் என்று அவனுக்கே தெரியாது. ஃபேர்-வெதர் நண்பன் எப்போது போவான் என்று கணித்துச் சொல்லிவிடலாம்: உங்களுக்குக் கஷ்டம் வந்த மறுநாள்.

இந்தத் தொடரில் தமிழ் மாணவர்கள் வழுக்கும் ஓர் இடம் உண்டு. 'ஃபேர்' என்றதும் 'நியாயமான' என்று எடுத்துக்கொண்டு, தொடரையே பாராட்டாகப் புரிந்துகொள்கிறார்கள். இங்கே 'ஃபேர்' என்றால் தெளிந்த, மழையில்லாத என்று பொருள். வானம் தெளிவாக இருக்கும்போது மட்டும் படகில் கூட வருகிற நண்பன். பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் 'நீ என் ஃபேர்-வெதர் ஃப்ரெண்ட்' என்று அன்போடு எழுதிக் கொடுத்தால் நட்பு அன்றோடு சரி. எழுதும்போது முதல் இரண்டு சொற்களுக்கும் நடுவே சிறு கோடு போட வேண்டும்.

இதே சொல் விளையாட்டுக்கும் போகும். அணி ஜெயிக்கும்போது மட்டும் ஜெர்ஸி போடுகிறவர் 'ஃபேர்-வெதர் ஃபேன்'. ஜெயிக்கிற அணியைத் தேடிப்போய்ச் சேருகிறவரை அமெரிக்காவில் 'பேண்ட்வாகன் ஃபேன்' என்றும், பிரிட்டிஷ் கால்பந்தில் 'குளோரி ஹன்டர்' என்றும் கேலி செய்வார்கள். பேண்ட்வாகன் என்பது சர்க்கஸ் ஊர்வலத்தில் வாத்தியக்காரர்களை ஏற்றிச் செல்லும் வண்டி. வண்டி போகிற பக்கம் கூட்டமும் போகும்.

கட்சி மாறுகிறவர்களுக்கு

அரசியலுக்கு வந்தால் 'டர்ன்கோட்' என்ற பெயர்ச்சொல் கிடைக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது. கோட்டைப் புரட்டிப் போடுபவர் என்பது நேர்ப்பொருள். எந்தப் பிரபுவின் ஆள் என்பதை உடையின் நிறமும் சின்னமும் காட்டிய காலத்தில், அதை உட்புறம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டுக்கொண்டால் அடையாளம் மறைந்துவிடும். நம் பச்சோந்திக்கு இது பக்கத்து வீடு. பச்சோந்தி பல தடவை நிறம் மாற்றும். டர்ன்கோட் ஆவதற்கு ஒரு தடவை போதும். ஃபிக்கிளிலிருந்து இது பிரிவதும் அங்கேதான். ஒரே ஒருமுறை, கணக்குப் போட்டு, ஆதாயத்துக்காகப் பக்கம் மாறியவரை ஃபிக்கிள் என்று எழுதினால் அவருக்குச் சலுகை காட்டுகிறீர்கள்.

சுதந்திர இந்தியாவில் இதற்கென்றே ஒரு தொடர் பிறந்தது. 1967இல் ஹரியானா சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகத் தேர்வான கயா லால், பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கேலி அவர் பெயரிலிருந்து வந்ததுதான். வந்தான் ராம், போனான் ராம். 1985இல் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கட்சித் தாவல் தடையைப் பத்தாவது அட்டவணையாகச் சேர்த்தது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து பிரிந்தால் தண்டனை இல்லை என்று அதில் ஓர் ஓட்டை இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதை அடைத்தது. சட்டம் பேசுவது 'டிஃபெக்‌ஷன்' என்ற சொல்லை. டர்ன்கோட் என்பது மேடைப்பேச்சுச் சொல், சட்டத்தில் இடமில்லை.

டிஃபெக்‌ஷனிலிருந்து வரும் 'டிஃபெக்டர்' குளிராக, திட்டாமல் நிற்கும் சொல். பனிப்போர்க் காலத்தில் சோவியத் நாட்டிலிருந்து மேற்கே தப்பியவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரியெவ் 1961இல் பாரிஸ் விமான நிலையத்தில் ஊர் திரும்ப மறுத்தபோது மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு அவர் டிஃபெக்டர், மாஸ்கோவுக்கோ துரோகி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கட்சி மாறுவதற்கு இன்னும் மென்மையாக 'கிராசிங் த ஃப்ளோர்' என்பார்கள், எதிர் வரிசைக்கு நடந்துபோவது. 1904இல் கன்சர்வேட்டிவ் வரிசையிலிருந்து லிபரல் வரிசைக்குப் போன வின்ஸ்டன் சர்ச்சில், 1920களில் பழைய கட்சிக்கே திரும்பி வந்தார். அவரைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லை எடுக்கிறீர்கள் என்பதிலேயே நீங்கள் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

கனமான சொற்கள்

'டிஸ்லாயல்' என்றால் கடமைப்பட்ட இடத்துக்கு எதிராக நடந்துகொள்வது. சம்பளம் வாங்கும் கம்பெனியின் விலைப்பட்டியலைப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுப்பது டிஸ்லாயல். உண்ட வீட்டுக்கு ரெண்டகம். 'ட்ரெச்சரஸ்' அதற்கும் மேலே. கூட இருந்தே குழி பறிப்பது. இந்தச் சொல் சாலைகளுக்கும் வரும்: மேலே பார்க்கச் சாதாரணமாக இருந்து, பனி உறைந்து வழுக்கும் சாலையை 'ட்ரெச்சரஸ் ரோடு' என்பார்கள். மறைந்திருக்கும் ஆபத்துதான் பொதுவான சரடு. 'ட்ரீசன்' என்ற குற்றம் அரசுக்கு எதிரானது மட்டுமே. நண்பன் செய்த துரோகத்துக்கு அதைப் போட்டால் சிரிப்பார்கள்.

'பெர்ஃபிடியஸ்' லத்தீனில் நம்பிக்கை என்று பொருள்படும் 'ஃபிடெஸ்' என்ற வேரிலிருந்து வருவது. கொடுத்த நம்பிக்கையையே ஆயுதமாக்கிக் கெடுப்பவர். அன்றாடப் பேச்சில் இதைக் கேட்க முடியாது. ஆனால் போர்ச் சட்டத்தில் இதன் பெயர்ச்சொல்லான 'பெர்ஃபிடி'க்கு நறுக்கென்ற வரையறை உண்டு. ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாவது கூடுதல் நெறிமுறை, 37ஆவது பிரிவில் அதைத் தடை செய்கிறது. வெள்ளைக்கொடி காட்டி, சரணடைவதுபோல நடித்து, நம்பி அருகில் வந்த எதிரியைச் சுடுவது பெர்ஃபிடி. இலைதழையைக் கட்டிக்கொண்டு பதுங்குவது, பொம்மைப் பீரங்கியை நிறுத்திவைப்பது எல்லாம் வெறும் போர்த் தந்திரம், தடையில்லை.

ஆள் பெயரே வசைச்சொல் ஆனதும் உண்டு. நார்வேயை ஜெர்மனி பிடித்தபோது எதிரியோடு சேர்ந்து பொம்மை ஆட்சி நடத்திய விட்குன் க்விஸ்லிங் 1945 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1940லேயே பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவர் பெயரைக் காட்டிக்கொடுப்பவர் என்ற பொருளில் பொதுச்சொல்லாக்கிவிட்டன. ஆங்கிலத்தில் இன்று அது சிற்றெழுத்தில் தொடங்கும். மொழிபெயர்க்கும்போது தயங்க வேண்டாம், தமிழில் 'எட்டப்பன்' இருக்கிறது. எட்டயபுரம் பாளையக்காரர் 1799இல் உண்மையில் என்ன செய்தார் என்பது வரலாற்றுக்காரர்களின் பாடு. சொல் மட்டும் தனியே வாழ்கிறது.

மனநிலை சார்ந்த சில சொற்களும் ஃபிக்கிளோடு குழம்பும். 'மெர்க்யூரியல்' என்றால் பாதரசம் போல நொடிக்கு நொடி மாறும் சுபாவம். திறமைசாலிகளைப் பற்றி, பாதி மெச்சிச் சொல்வது. 'வாலடைல்' என்பது பறத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து. பெட்ரோல் ஆவியாவதற்கும் பங்குச்சந்தை குதிப்பதற்கும் அதே சொல். 'கப்ரிஷியஸ்' பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர் மனம்போனபடி முடிவெடுப்பது. பிரிண்டர் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது என்றால் 'டெம்பரமென்டல்' போதும். இயந்திரத்துக்கு விசுவாசம் ஏது?

ஃபிக்கிள்-மைண்டட்

இந்திய ஆங்கிலத்தில் 'ஃபிக்கிள்-மைண்டட்' சரளமாகப் புழங்குகிறது. பள்ளி அறிக்கை, வரன் பேச்சு, அலுவலக அரட்டை எல்லாவற்றிலும் வரும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வெறும் ஃபிக்கிள் போதும். மைண்டட் சேர்த்தால் பிழை என்று சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, பொருள் நழுவுவது. நாம் அதை முடிவெடுக்கத் தெரியாதவருக்குப் பயன்படுத்துகிறோம். துணிக்கடையில் இரண்டு மணி நேரம் நின்று, நீலமா பச்சையா என்று திணறி, ஒன்றும் வாங்காமல் வருபவர் 'இன்டிசைசிவ்'. மதில்மேல் பூனை. நீலத்தை எடுத்து, வீட்டுக்கு வந்ததும் பச்சைதான் நன்றாக இருந்தது என்று மாற்றி, மறுநாள் மறுபடி நீலத்துக்கு வந்து நிற்பவரே ஃபிக்கிள். முன்னவர் குதிப்பதில்லை, பின்னவர் குதித்துக்கொண்டே இருக்கிறார். போட்டித் தேர்வில் ஃபிக்கிளுக்கு ஒத்த சொல் கேட்டு, விடைகளில் 'இன்டிசைசிவ்', 'இன்கான்ஸ்டன்ட்' (ஒரே நிலையில் நிற்காத) இரண்டையும் வைத்திருந்தால் பின்னதை எடுங்கள்.

அலுவலக மின்னஞ்சலில் இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. 'த கிளையன்ட் இஸ் ஃபிக்கிள்' என்று எழுதிய அஞ்சல் எப்படியும் ஒருநாள் கிளையன்ட் கண்ணில் படும். 'ரிக்வயர்மென்ட்ஸ் ஹேவ் சேஞ்ச்டு த்ரீ டைம்ஸ் சின்ஸ் ஜூன்' என்று எழுதினால் தகவலும் போகும், வசையும் இல்லை.

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

இந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துவது கைவிடப்பட்டவர்கள். தோற்ற வேட்பாளருக்கு வாக்காளர்கள் ஃபிக்கிள். ஜெயித்தவருக்கு அவர்களே விவேகிகள். 1945 மே 8இல் ஐரோப்பாவில் போர் முடிந்தபோது லண்டன் மக்கள் சர்ச்சிலைக் கொண்டாடினார்கள். ஜூலை 26இல் தேர்தல் முடிவு வந்தபோது அவர் கட்சி படுதோல்வி. தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். நன்றிகெட்ட, ஃபிக்கிளான மக்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் வரையறையின் மூன்றாவது துண்டை இங்கே வைத்துப் பார்த்தால் சொல் பொருந்தவில்லை. அவர்களுக்கு வீடு வேண்டும், வேலை வேண்டும், 1942இல் வந்த பெவரிட்ஜ் அறிக்கை சொன்ன சமூகக் காப்பீடு வேண்டும். போர்க்காலத் தலைவர் ஒருவர், அமைதிக்கால அரசு வேறு என்று பிரித்துப் பார்த்து வாக்களித்தார்கள். காரணம் கனமாக இருந்தால் அது மனமாற்றம்தான்.

வணிகத்திலும் இதே கதை. 'ஃபிக்கிள் கஸ்டமர்ஸ்' என்று விற்பனைக் கூட்டங்களில் புலம்புவார்கள். இந்தியாவில் 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமலே மொபைல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க வந்தது. அதற்கு முன்பு வாடிக்கையாளர் ஓடாமல் இருந்ததில் விசுவாசம் எவ்வளவு, எண் போய்விடுமே என்ற பயம் எவ்வளவு? புலம்புவதற்குப் பதில் அளக்க விரும்புகிறவர்கள் 'சர்ன்' என்ற சொல்லை எடுப்பார்கள். மாதத் தொடக்கத்தில் 500 பேர் இருந்து, மாதத்துக்குள் அவர்களில் 25 பேர் விலகினால் சர்ன் 5 சதவீதம். புதிதாகச் சேர்ந்தவர்களை இந்தக் கணக்கில் கலக்கக் கூடாது; கலந்தால் ஓட்டை தெரியாது. சர்ன் எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஃபிக்கிள் என்ற சொல்லோ, காரணம் இல்லாமல் போனார்கள் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடும்.

எதிர்ப்பக்கம்

எதிர்ச்சொல் கேட்டால் 'லாயல்' என்று எழுதலாம், மதிப்பெண் கிடைக்கும். நேரெதிராக நிற்பது 'கான்ஸ்டன்ட்' அல்லது 'ஸ்டெட்ஃபாஸ்ட்'. பின்னதில் 'ஸ்டெட்' என்றால் இடம், 'ஃபாஸ்ட்' என்றால் அசையாமல் பதிந்த. வேகத்துக்கும் அதற்கும் இங்கே சம்பந்தமில்லை. 'ஸ்டான்ச்' முதலில் தண்ணீர் புகாத கப்பலைக் குறித்த சொல், இப்போது கட்சியின் அசைக்க முடியாத ஆதரவாளரைக் குறிக்கிறது.

தமிழ் ரசிகர்கள் தங்களுக்கே சூட்டிக்கொள்ளும் 'டை-ஹார்டு' போர்க்களத்திலிருந்து வந்தது. 1811இல் ஸ்பெயினின் அல்புவேராவில் பிரிட்டிஷ் 57ஆவது படைப்பிரிவின் தளபதி, காயம்பட்டுக் கிடந்தபடியே, சுலபத்தில் சாகாதீர்கள் என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தியதாகச் சொல்வார்கள். அந்தப் படைக்கே 'டை-ஹார்ட்ஸ்' என்று பெயர் நின்றுவிட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2016, 2017 இரண்டு பருவங்களும் தடையில் இருந்தது. 2018இல் திரும்பி வந்ததும் காவிரிப் போராட்டத்தால் மீதமிருந்த சேப்பாக்கம் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் சிறப்பு ரயில் ஏறி, மஞ்சள் சட்டையோடு புனேவுக்குப் போனார்கள். அந்த ரயிலில் இருந்தவர்களைப் பற்றி எழுதும்போது டை-ஹார்டு என்று தாராளமாகப் போடலாம்.